ஒரு பாஸ், எத்தனை ரயில்?

போன இதழ்ல ஐரோப்பா ரயில் பாஸ் பத்தி ரெண்டே வரி தான் எழுதினேன், அதுக்கு வந்த கேள்விங்கள பாத்தா ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் வீட்டுக்கு ஒரு புள்ளை வெளிநாட்டுல இருக்கு போல. அதனால இந்த வாரம் வேற கேள்விங்கள ஒதுக்கி வெச்சுட்டு இதுக்கு மட்டும் பதில் சொல்றேன். காசு போட்டு பாஸ் வாங்கிட்டு அங்க போய் ப்ளாட்ஃபார்ம்ல நின்னு முழிக்கக் கூடாதுல்ல.

அக்கா, நானும் எங்க வீட்டுக்காரரும் ஜூன்ல ஜெர்மனில இருக்கற பொண்ணு வீட்டுக்குப் போறோம். யூரெயில் பாஸ் எடுத்தா எல்லா ரயில்லயும் ஏறலாம், தனியா டிக்கெட்டே வேணாம்னு ஏஜென்ட் சொல்றாரு. லோக்கல் ட்ரெயின், மெட்ரோ, ட்ராம் எல்லாம் சேருமா? நம்ம சீசன் டிக்கெட் மாதிரி தானே? — ஒரு வாசகி, ராயபுரம்

சீசன் டிக்கெட் மாதிரின்னு நெனச்சா பாதி சரி, பாதி தப்பு. நீங்க பீச் ஸ்டேஷன் வரைக்கும் சீசன் வெச்சிருந்தா அதே ரூட்ல ஓடுற யூனிட் ட்ரெயின்ல எத்தனை தடவை வேணா போலாம், ஆனா அதே சீசன காட்டி வண்ணாரப்பேட்டை மெட்ரோல ஏற முடியுமா, பஸ்ல ஏற முடியுமா, முடியாது, ஏன்னா ரயில்வே வேற, மெட்ரோ வேற, மாநகர பஸ் வேற. அங்கயும் அதே கதை தான். யூரெயில் பாஸ் ரயில் கம்பெனிங்க சேர்ந்து குடுக்கற பாஸ், ஊருக்குள்ள ஓடுற சுரங்க ரயில், ட்ராம், பஸ் எல்லாம் அந்தந்த ஊர் நிர்வாகம் ஓட்டுறது, அதுல இந்தப் பாஸ் செல்லாது.

ஜெர்மனில குழப்பம் வர்ற இடம் எதுன்னா எஸ்-பான், யூ-பான்னு ரெண்டு இருக்கும். எஸ்-பான்னா நம்ம கும்மிடிப்பூண்டி வண்டி மாதிரி, ஊருக்குள்ள ஆரம்பிச்சு புறநகர் வரைக்கும் போறது, பச்சை வட்டத்துக்குள்ள வெள்ளையா எஸ் போட்டிருக்கும், அதுல பாஸ் செல்லும். யூ-பான்னா மெட்ரோ, நீல சதுரத்துல யூ போட்டிருக்கும், அதுல செல்லாது. பெர்லின்ல ஹாப்ட்பான்ஹோஃப்னு பெரிய ஸ்டேஷன் இருக்கு, நம்ம சென்ட்ரல் மாதிரி, அங்கிருந்து அலெக்ஸாண்டர்ப்ளாட்ஸ் போகணும்னா எஸ்-பான்லயும் போலாம், யூ5 மெட்ரோலயும் போலாம், கிளம்புற இடமும் ஒண்ணு, போய் சேர்ற இடமும் ஒண்ணு, ஆனா மேல ப்ளாட்ஃபார்ம்ல ஏறினா பாஸ் போதும், கீழ சுரங்கத்துல ஏறினா நீங்க டிக்கெட் இல்லாத ஆள்.

இத நான் அனுபவப்பட்டு சொல்றேன். ஒரு ஜெர்மன் ஊர்ல நானும் எங்க அத்தையும் இறங்கினோம், அங்க ஸ்டேஷன்ல நம்ம மெட்ரோ மாதிரி கதவு கிடையாது, யாரும் தடுக்க மாட்டாங்க, நேரா நடந்து போய் ஏறிடலாம், அதனாலயே நாம ஏறுனது சரியான்னு தெரியாது. ரெண்டு ஸ்டாப் போனதும் சாதாரண ஜாக்கெட் போட்டிருந்த ஒருத்தர் எழுந்து நின்னு கழுத்துல மாட்டியிருந்த அட்டைய காட்டினாரு, நான் போன்ல பாஸ எடுத்து காட்டினேன், அவர் ரொம்ப மரியாதையா இது எஸ்-பான் இல்லம்மா, யூ-பான்னு சொல்லிட்டு ஆளுக்கு 60 யூரோ எழுதிட்டாரு. ரெண்டு பேருக்கு 120 யூரோ. அத்தை அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல, என்னால தானே இவ்ளோ செலவுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்ல, போர்ட பாக்காம ஏறினது நான் தான். அதனால தான் பச்சை வட்டம் நீல சதுரம்னு இவ்ளோ அழுத்தி சொல்றேன், தயவுசெஞ்சு மனசுல வெச்சுக்கோங்க.

மத்த ஊர்லயும் இதே கணக்கு தான். வியன்னால எஸ்-பான் ஓகே, யூ-பான் கிடையாது. அந்த ஊர் ஏர்போர்ட்ல இருந்து கேட் (CAT)-னு பச்சை கலர்ல ஒரு தனி ரயில் போகும், அதுல பாஸுக்கு தள்ளுபடி மட்டும் தான், ஆனா அதே ஏர்போர்ட்ல இருந்து எஸ்7 வண்டியும் ரெயில்ஜெட்டும் போகுது, அது ரெண்டுலயும் பாஸ் முழுசா செல்லும். சூரிக்ல எஸ்-பான் சரி, ட்ராம் கிடையாது. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் ஏர்போர்ட்ல இருந்து ஊருக்குள்ள போற ரயில் சரி, மெட்ரோவும் ட்ராமும் கிடையாது, அங்க கதவு இருக்கும், போன்ல வர்ற க்யூஆர் கோட காட்டினா திறக்கும். பாரிஸ் மெட்ரோ கிடையவே கிடையாது.

இப்ப முக்கியமான விஷயம். பாஸ்ல நீங்க வாங்குறது ரயில இல்ல, நாள. 1 மாசத்துக்குள்ள 4 நாள், 5 நாள், 7 நாள், 2 மாசத்துக்குள்ள 10 நாள், 15 நாள்னு இருக்கு, தினமும் சுத்தறவங்களுக்கு தொடர்ச்சியா 15 நாள், 22 நாள், 1 மாசம்னு போய் 3 மாசம் வரைக்கும் இருக்கு. 4 நாள் பாஸ் ரெண்டாம் வகுப்புல பெரியவங்களுக்கு கிட்டத்தட்ட 280, 300 யூரோ வருது, அப்ப ஒரு நாள் 70 யூரோக்கு மேல. அந்த நாள்ல ராத்திரி 12-ல இருந்து அடுத்த ராத்திரி 12 வரைக்கும் எத்தனை ரயில் வேணா ஏறலாம். ஆனா ஏர்போர்ட்ல இருந்து பொண்ணு வீட்டுக்கு எஸ்-பான்ல போறதுக்காக பாஸ ஆரம்பிச்சீங்கன்னா, சில யூரோ டிக்கெட்டுக்கு 70 யூரோ நாள செலவு பண்றீங்க. நிறைய பேர் இங்க தான் ஏமாந்து போறாங்க. அன்னிக்கு தனி டிக்கெட் எடுங்க. தூரமா போற நாளுக்கு பாஸ வெச்சுக்கோங்க, அந்த நாள்ல எஸ்-பான்லாம் தானா அதுல வந்துடும்.

பொண்ணு வீட்ல தான் ஒரு மாசம் தங்கப் போறீங்க, சுத்துப்பட்டு ஊர மட்டும் பாக்கப் போறீங்கன்னா பாஸே வேணாம். ஜெர்மனில 2023 மே மாசத்துல இருந்து டாய்ச்லாண்ட் டிக்கெட்னு ஒண்ணு இருக்கு, 49 யூரோல ஆரம்பிச்சது, 2025-ல 58 ஆச்சு, எஸ்-பான், யூ-பான், ட்ராம், பஸ், ரீஜனல் ரயில் எல்லாத்துலயும் நாடு முழுக்க மாசம் பூரா போலாம், ஐசிஇ மாதிரி வேக வண்டில மட்டும் முடியாது. மாசா மாசம் பணம் எடுக்கற சந்தா அது, திரும்பறப்ப நிறுத்தணும், அதுக்கு 10-ஆம் தேதிக்குள்ள சொல்லணும், இந்த வேலைய பொண்ணு கிட்ட விட்ருங்க. ஏஜென்ட் இத சொல்லியிருக்க மாட்டாரு.

காலேஜ் முடிச்சு வேலைக்கு சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது, வயசு 24. சேத்து வெச்ச காசுல பாரிஸ், பார்சலோனா போகணும்னு ஆசை. பாஸ் இருந்தா ரிசர்வேஷன் இல்லாம ஏறிடலாமா? — ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

முதல்ல சந்தோஷம்மா, உன் காசுல நீ போற, தைரியமா போய்ட்டு வா. 27 வயசு வரைக்கும் யூத் பாஸ், 25% வரைக்கும் குறையும்.

ஆனா நீ எடுத்திருக்கற ரெண்டு நாடும் பாஸுக்கு கஷ்டமான நாடு. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்துலலாம் உள்நாட்டு ரயில்ல பெரும்பாலும் பாஸ காட்டி நேரா ஏறலாம், ரிசர்வேஷன் உன் இஷ்டம். ஃபிரான்ஸ்ல டிஜிவி, ஸ்பெயின்ல ஆவே, இந்த வேக வண்டிங்கள்ல ரிசர்வேஷன் கட்டாயம், அதுக்கு தனியா காசு, 10, 20 யூரோ, நாடு தாண்டுற வண்டின்னா இன்னும் கூட. லண்டன் போற யூரோஸ்டார்லயும் அப்படித்தான் (லண்டனுக்கு விசாவும் தனி, ஷெங்கன்னு சொல்ற ஐரோப்பா பொது விசால வராது). அதுலயும் ஃபிரான்ஸ்ல பாஸ் காரங்களுக்குன்னு கோட்டா உண்டு, நம்ம ஊர்ல ஜெனரல் கோட்டா, தட்கல் கோட்டான்னு இருக்குல்ல அது மாதிரி, வண்டில சீட் காலியா இருந்தாலும் பாஸ் கோட்டா முடிஞ்சா முடிஞ்சது தான், முழு டிக்கெட் காசு குடுத்து தான் போகணும். ஜூன், ஜூலைல பாரிஸ் - பார்சலோனா வண்டிக்கெல்லாம் ரொம்ப சீக்கிரம் போயிடும். அதனால விசா கைக்கு வந்ததும் மொத வேலையா ரிசர்வேஷன் போடு. ரோஸ் கலர், நீலக் கலர்ல வீகோ-ன்னு ஒரு மலிவு ரயில் ரெண்டு நாட்டுலயும் ஓடுது, அதுல பாஸே செல்லாது.

ரிசர்வேஷன் கிடைக்கலன்னா அழ வேண்டாம், மெதுவா போற வழி ஒண்ணு இருக்கு, எனக்கு அது தான் பிடிக்கும். தெற்கு ஃபிரான்ஸ் வரைக்கும் எப்படியாவது போயிட்டா அங்கிருந்து டிஇஆர்னு சொல்ற ரீஜனல் ரயில்ல மோன்பெல்லியே, நார்போன், பெர்பிஞ்யான்னு கடலோரமா போய் எல்லைல போர்ட்போ-ன்னு ஒரு ஸ்டேஷன்ல இறங்கணும், அங்கிருந்து ஸ்பெயின் ரீஜனல் வண்டி பார்சலோனாவுக்கு போகுது, எதுக்கும் ரிசர்வேஷன் வேணாம். ஏன் அங்க இறங்கி மாறணும்னா தண்டவாள அகலமே வேற. ஃபிரான்ஸ்ல 1435 மில்லிமீட்டர், அது நம்ம சென்னை மெட்ரோ அகலம். ஸ்பெயின் பழைய லைன்ல 1668, நம்ம கும்மிடிப்பூண்டி லைன் 1676, வெறும் 8 மில்லிமீட்டர் தான் வித்தியாசம். போர்ட்போல இறங்கி அந்த அகலமான தண்டவாளத்த பாத்தப்ப கொருக்குப்பேட்டை கேட்ல நிக்கற மாதிரியே இருந்துச்சு எனக்கு.

அப்புறம் ஒண்ணு, பாஸ்ல பேரு பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே இருக்கணும். நமக்கு இனிஷியல் தான, பாஸ்போர்ட்ல அப்பா பேரு விரிச்சு சர்நேம்ல போயிருக்கும், ஆதார்ல வேற மாதிரி இருக்கும், நீ பாஸ்போர்ட்ட பக்கத்துல வெச்சுக்கிட்டு எழுத்து எழுத்தா பாத்து போடு. செக்கிங்ல பாஸ்போர்ட்டும் கேப்பாங்க.

7 வயசு பையன், 10 மாசக் குழந்தை. பாஸ் எத்தனை எடுக்கணும்? — திருவொற்றியூர்

உங்க ரெண்டு பேருக்கு மட்டும் காசு. 4-ல இருந்து 11 வயசு வரைக்கும் பெரியவங்களோட போனா ஃப்ரீ, ஒரு பெரியவருக்கு ரெண்டு குழந்தை வரைக்கும், ஆனா அவன் பேர்லயும் ஒரு பாஸ் உங்களோடயே சேத்து எடுக்கணும், எடுக்காம போகக் கூடாது. சின்னதுக்கு பாஸ் வேணாம், மடில தான். ரிசர்வேஷன் கட்டாயமான வண்டில பையனுக்கும் ரிசர்வேஷன் காசு கட்டணும்.

என் தம்பி ஜெர்மனில வேலை பாக்கறான், பர்மிட் இருக்கு. நான் போறப்ப அவனுக்கும் சேத்து இங்கயே யூரெயில் எடுத்துடலாமா? — ஒரு வாசகர், வியாசர்பாடி

எடுக்காதீங்க தம்பி, செல்லாது. எந்த நாட்டு பாஸ்போர்ட்ங்கறது முக்கியம் இல்ல, எங்க குடியிருக்கோம்ங்கறது தான். ஐரோப்பால குடியிருக்கறவங்களுக்கு இன்டர்ரெயில், வெளில இருந்து வர்றவங்களுக்கு யூரெயில். ரெண்டுக்கும் அதே 33 நாடு, ரயிலும் அதே தான். இதுல உங்க தம்பிக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கு, இன்டர்ரெயில்ல அவர் குடியிருக்கற ஜெர்மனிக்குள்ள வெளிய போறதுக்கு ஒரு நாள், திரும்பி வர்றதுக்கு ஒரு நாள் தான் பாஸ் செல்லும். அதனால ரெண்டு பேரும் சேந்து ஜெர்மனி முழுக்க சுத்தலாம்னு ப்ளான் போட்டா அவருக்கு தனி டிக்கெட் செலவு இருக்குன்னு இப்பவே சொல்லிடுங்க.

பாஸ் போன்ல தான் வருமாமே? சார்ஜ் போயிட்டா? எனக்கு இந்த ஆப் எல்லாம் பயமா இருக்கு. — எண்ணூர்

ஆமா, ரயில் ப்ளானர்னு ஒரு ஆப், அதுல தான் பாஸ் இருக்கும். பயப்படாதீங்க, வேலை மூணு தான், பாஸ ஆக்டிவேட் பண்றது, போகப் போற ரயில தேடி பயணத்துல சேக்கறது, அத ஆன் பண்ணி விடறது, அப்ப தான் அன்னிக்கான க்யூஆர் கோட் வரும். இதெல்லாம் ரயில் ஏறுறதுக்கு முன்னாடியே முடிச்சிருக்கணும், டிடிஆர் வர்றத பாத்துட்டு அவசரமா போட்டா டிக்கெட் இல்லாம ஏறினதா தான் எடுத்துக்குவாரு. வாங்கின 11 மாசத்துக்குள்ள ஆக்டிவேட் பண்ணனும். இங்க இருக்கறப்பவே ஆப்ப திறந்து சும்மா ரயில் தேடி பழகிக்கோங்க, பாஸ மட்டும் இப்ப ஆக்டிவேட் பண்ணிடாதீங்க. ஒரு பவர் பேங்க், உள்ளூர் சிம் வாங்கிக்கோங்க, ஆப்புக்கு அப்பப்ப நெட் வேணும். ஆளுக்கு ஒரு பாஸ், வீட்டுக்காரர் பாஸ காட்டி வீட்டம்மா போக முடியாது.

ராத்திரி வண்டில போனா ஹோட்டல் காசு மிச்சம் தானே? எத்தனை நாள் கழியும்? — தண்டையார்பேட்டை

ராத்திரி 12-க்கு முன்னாடி ஏறி காலைல இறங்கினா, ஏறின நாள் மட்டும் தான் கழியும். ஆனா 12-க்கு மேல நடுவுல வேற ரயில் மாறினீங்கன்னா அடுத்த நாளும் சேத்து கழியும், காலைல இறங்கி அதே பாஸ்ல இன்னொரு ரயில் ஏறினாலும் அப்படித்தான். நைட்ஜெட் மாதிரி வண்டிங்கள்ல ரிசர்வேஷன் கட்டாயம், உக்காந்து போற சீட்டுக்கு கம்மி, நம்ம ஸ்லீப்பர் மாதிரி பெர்த்துக்கு கூட, தனி ரூமுக்கு அதவிட கூட. அந்தக் காச ஹோட்டல் காசோட வெச்சு பாத்துட்டு முடிவு பண்ணுங்க, எப்பவும் மிச்சம் ஆகறதில்ல.

மகனுக்கு காசிமேட்டு கருவாடு எடுத்துட்டு போலாமா? ரயில்ல வாசனைக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? — ஒரு வாசகி, காசிமேடு

மீன் வகை ஆளுக்கு 20 கிலோ வரைக்கும் விடுவாங்க, கருவாடு அதுல வரும். கறி, பால் சம்பந்தப்பட்டது, நெய், பால்கோவா, இதுங்கள ஏர்போர்ட்லயே எடுத்துடுவாங்க. ரயில்ல சாப்பாடு எல்லாரும் சாப்புடுவாங்க, புளி சாதம் கட்டிட்டு போங்க, கருவாட்ட மட்டும் மூணு கவர் போட்டு இறுக்கி பெட்டிக்குள்ள வெச்சிருங்க. தூக்கறதுக்கு போர்ட்டர் கிடையாது, அதனால எடை பாத்துக்கோங்க.

அம்மா, நான் பெரம்பூர் ஐசிஎஃப்-ல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பாத்து ரிட்டையர் ஆனவன், வயசு 66, வீட்ல 58. மகன் மியூனிக்ல இருக்கான். 4 நாள் பாஸ் எடுக்கலாம்னு இருக்கோம். சுவிட்சர்லாந்து போகணும், பனி மலை ரயில் பாக்கணும். அதவிட எனக்கு ஒரு ஆசை, எங்க ஃபாக்டரிக்கு டிசைன் குடுத்த ஷ்லீரன் ஊர ஒரு தடவை பாக்கணும். பாஸ்ல போக முடியுமா? — பெரம்பூர்

ஐயா, உங்க கேள்விய ரெண்டு தடவை படிச்சேன். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு வந்து திறந்து வெச்ச ரயில் பெட்டி ஃபாக்டரி, சூரிக் பக்கத்துல ஷ்லீரன்ல இருந்த சுவிஸ் கம்பெனியோட ஒப்பந்தத்துல அவங்க ஆளுங்க இங்க வந்து நம்மாளுங்களுக்கு வெல்டிங்ல இருந்து சொல்லிக் குடுத்தது, அந்த ஷ்லீரன் பெட்டில தான் இந்தியாவே அறுபது வருஷம் போச்சு. கண்டிப்பா போகலாம், போங்க.

மொதல்ல காசு விஷயம். 60 வயசுக்கு மேல இருக்கறதால உங்களுக்கு சீனியர் பாஸ், 10% குறைவு, அம்மாவுக்கு முழு விலை. ரெண்டு பேரும் ரெண்டாம் வகுப்பே எடுங்க, அங்க அதுவே நல்லா இருக்கும்.

மியூனிக்ல இருந்து சூரிக் போற நாள மொத நாளா வெச்சுக்கோங்க, நாலு மணி நேரத்துக்குள்ள போயிடும், போடன்ஸே-ன்னு பெரிய ஏரி ஓரமா போகும். சூரிக்ல இறங்கி பெட்டிய ரூம்ல போட்டுட்டு, அன்னிக்கே சாயங்காலம் ஷ்லீரன் போங்க, எஸ்-பான்ல பத்து நிமிஷம் கிட்ட தான், அதே நாள் பாஸ்ல வந்துடும், தனியா ஒரு காசு கிடையாது. இத மறுநாளைக்கு தள்ளினீங்கன்னா பத்து நிமிஷத்துக்காக இன்னொரு நாள் போயிடும், இல்ல தனி டிக்கெட் எடுக்கணும்.

அடுத்த நாள் ரெஸ்ட் எடுங்க, சூரிக்ல ட்ராம்ல சுத்தணும்னா அதுக்கு ஊர் டிக்கெட் எடுத்துக்கோங்க. மூணாவது நாள் பனி மலை. பெர்னினா எக்ஸ்பிரஸ்னு பெரிய கண்ணாடி வெச்ச வண்டி ஒண்ணு இருக்கு, அதுல பாஸ் செல்லும், ஆனா ரிசர்வேஷன் கட்டாயம், அதுக்கு காசு அதிகம். அதே தண்டவாளத்துல சாதாரண ரீஜனல் ரயில் ஓடுது, ரிசர்வேஷன் வேணாம், பாஸ் போதும், அதே மலை, அதே பாலம், ஜன்னல இறக்கி விடற பெட்டியும் அதுல சில வண்டில இருக்கும், நான் அதுல தான் போனேன், முகத்துல குளிர் காத்து அடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. யுங்ஃப்ராவ்யோக்-னு இன்னொரு பனி மலை இடத்துக்கு போற ரயில்ல மட்டும் பாஸ் முழுசா செல்லாது, 25% தள்ளுபடி தான், மீதி கட்டணும், அது பெரிய தொகை, அதனால ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணுங்க. நான் சொன்னா பெர்னினா. சுவிஸ்ல மட்டுமே ஒரு வாரம் இருக்கப் போறீங்கன்னா சுவிஸ் ட்ராவல் பாஸையும் விலை பாருங்க, அதுல ட்ராம், பஸ், படகும் சேரும்.

பாஸ்ல மீதி ரெண்டு நாள், திரும்பி வர்றதுக்கு ஒண்ணு, ஜெர்மனிக்குள்ள ஐசிஇ-ல ஒரு தூரப் பயணம். ஐசிஇ-ல ரிசர்வேஷன் கட்டாயம் இல்ல, ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம் இருக்கும், உங்க வயசுக்கு நிக்க வேணாம், அஞ்சு ஆறு யூரோ குடுத்து சீட் போட்ருங்க. போடலன்னா சீட்டுக்கு பக்கத்துலயோ மேலயோ சின்ன எழுத்துல ஊர் பேர் ஓடும், ஃப்ராங்க்ஃபர்ட் - கொலோன்னு இருந்தா அந்த ரெண்டு ஊருக்கு நடுவுல அந்த சீட் வேற ஆளோடது, ஒண்ணும் ஓடலன்னா தாராளமா உக்காரலாம். பெட்டி கதவுல எந்த ஊருக்குன்னு படிச்சுட்டு ஏறுங்க, சில வண்டி பாதி வழில ரெண்டா பிரியும், பெர்லின்ல இருந்து வர்ற ஐசிஇ ஹாம்-னு ஒரு ஸ்டேஷன்ல பிரிஞ்சு ஒரு பாதி கொலோனுக்கும் ஒரு பாதி டூசல்டார்ஃபுக்கும் போகும்.

ஷ்லீரன்ல அந்த ஃபாக்டரி இப்ப ஓடல, 1985-லயே பெட்டி செய்யறத நிறுத்திட்டாங்க, அந்த இடத்துல ஆராய்ச்சிக் கம்பெனிங்க இருக்கு. ஆனா ஃபாக்டரிய ஊர்ல செல்லமா வாகி-ன்னு கூப்புடுவாங்களாம், தெருவுக்கு வாகிஸ்ட்ராஸ-ன்னே பேர் இருக்கு, ஸ்டேஷன்ல இறங்கி அந்தப் பேர காட்டி கேளுங்க, நடந்தே போயிடலாம். உங்க பழைய ஐசிஎஃப் ஐடி கார்ட் இருந்தா எடுத்துட்டு போங்க, அந்த தெரு பேர் பலகைக்குக் கீழ அம்மாவ ஒரு போட்டோ எடுக்க சொல்லுங்க, எனக்கும் ஒண்ணு அனுப்புங்க.